பெயர் ஒன்று, மனிதர் பலர்

உரைநடைப் பாடம்

கற்றல் நோக்கங்கள்

• ஒரே குடும்பப்பெயர் உடைய அறிஞர்களைப் பிரித்தறிதல்.
• ஆங்கிலேயர், தமிழர், தெலுங்கர் ஆகியோரின் பெயரிடும் முறைகளை ஒப்பிடுதல்.
• தம் பெயரின் உறுப்புகளை விளக்கிக் கூறவும் எழுதவும் பழகுதல்.

நுழையும்முன்

ஆங்கில நூல்களில் மனிதர்களைப் பெரும்பாலும் குடும்பப்பெயரால் மட்டுமே குறிப்பிடுவர். ‘ராஸ் கண்டறிந்தார்’, ‘காட்டன் கட்டினார்’, ‘பிரௌன் எழுதினார்’ என்று படிக்கிறோம். எந்த ராஸ், எந்தக் காட்டன், எந்தப் பிரௌன் என்று கேளாமல் படித்தால், ஒருவர் செய்த பணியை மற்றொருவர் கணக்கில் எழுதிவிடுவோம். நாம் வாழும் ஐதராபாத்தோடும் நம் தாய்நிலமாகிய தமிழ்நாட்டோடும் தொடர்புடைய சில பெயர்களைக் கொண்டு, பெயரையும் மனிதரையும் சரியாகப் பொருத்தும் முறையை இப்பாடத்தில் அறிவோம். முடிவில் நம் பெயர்களையும் அவ்வாறே ஆராய்வோம்.

1. ராஸ்

ரொனால்டு ராஸ் 1857ஆம் ஆண்டு இமயமலைப் பகுதியில் உள்ள அல்மோராவில் பிறந்தவர். இராணுவ மருத்துவராகச் செகந்திராபாத்தில் பணியாற்றியவர். மலேரியாவைப் பரப்புவது கொசுவாக இருக்கலாம் என்னும் கருத்தை மெய்ப்பிக்க, அவர் கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்து நுண்ணோக்கியின்கீழ் ஆராய்ந்தார். 1897 ஆகஸ்டு 20 அன்று, நோயாளி ஒருவரின் குருதியைக் குடித்த கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியின் வளர்நிலையைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்து, கொசுக்கடியால் நோய் பரவும் வழியை விளக்கினார். 1902இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. ஆகஸ்டு 20ஆம் நாள் இன்றும் உலகக் கொசு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பேகம்பேட்டையில் அவர் பெயரைத் தாங்கிய ஆய்வு நிலையம் உள்ளது.

அந்த ஆய்வுக்காகக் கொசுக்கடியை ஏற்ற நோயாளியின் பெயர் உசேன் கான். கடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா அவருக்குக் கூலியாகக் கிடைத்தது. ராஸின் பெயரைச் சொல்லும்போது இப்பெயரையும் சேர்த்துச் சொல்வது முறையாகும்.

அந்தமானில் போர்ட் பிளேருக்கு எதிரே ‘ராஸ் தீவு’ என்னும் சிறு தீவு இருந்தது. மலேரியா ஆய்வாளரின் நினைவாகவே அப்பெயர் இடப்பட்டது என எண்ணத் தோன்றும். ஆனால், அது கடல்சார் நில அளவையாளரான டேனியல் ராஸின் பெயர். 2018ஆம் ஆண்டில் அத்தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் மாற்றம் பெற்றது.

தென்துருவப் பகுதியின் வரைபடத்தில் ‘ராஸ் கடல்’ என்னும் பெயரைக் காணலாம். அது ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்னும் கடற்பயணியின் பெயர். வடகாந்த முனை அமைந்த இடத்தை 1831ஆம் ஆண்டில் சென்றடைந்தவரும் இவரே. இவர் தம் சிற்றப்பா முறையினரான ஜான் ராஸ் தலைமையேற்ற பயணத்தில்தான் அவ்விடத்தை அடைந்தார். ஜான் ராஸும் ஜேம்ஸ் கிளார்க் ராஸும் ஒரே குடும்பத்தினர். ஆனால், ‘ராஸ்’ என்னும் சொல் ஒன்றை மட்டும் கொண்டு உறவை முடிவு செய்ய இயலாது.

2. காட்டன்

உசேன் சாகர் ஏரிக்கரையில், டேங்க் பண்டு சாலையோரம் நிற்கும் சிலைகளுள் ஒன்று சர் ஆர்தர் காட்டனுடையது (1803 – 1899). அரசர்களும் புலவர்களும் நிற்கும் வரிசையில் ஓர் ஆங்கிலேயப் பொறியாளருக்கு இடம் ஏன்? கோதாவரி ஆறு நீர் நிறைந்து ஓடியும், அதன் கழிமுகப் பகுதி மக்கள் பஞ்சத்தால் வாடினர். ஆர்தர் காட்டன் தவளேசுவரத்தில் 1847 முதல் 1852 வரை அணை கட்டி, அந்நீரை வயல்களுக்குத் திருப்பினார். கோதாவரி மாவட்டங்களின் உழவர்கள் அவரை இன்றும் நன்றியுடன் போற்றுகின்றனர்.

இப்பணிக்கு முன்பே அவர் தமிழ்நாட்டில் பணியாற்றினார். காவிரியை விடக் கொள்ளிடத்தில் மிகுதியான நீர் ஓடியதால் தஞ்சை வயல்கள் வறண்டன. அதனைத் தடுக்க, முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே 1836ஆம் ஆண்டளவில் மேலணையை எழுப்பினார். மணற்பாங்கான ஆற்றுப்படுகையில் அணை நிலைத்து நிற்கும் வகையைக் கரிகாலன் பெயரால் போற்றப்படும் கல்லணையிடம் அவர் கற்றார். ஆகவே, கோதாவரிக் கரையில் பயன்பட்ட அறிவின் ஒரு பகுதி காவிரிக் கரையில் பிறந்தது எனலாம்.

ஹென்றி காட்டன் (1845 – 1915) வேறொருவர். இவர் பிறந்த ஊர் கும்பகோணம். இந்திய ஆட்சிப்பணியில் சேர்ந்து அசாமின் தலைமை ஆணையராக உயர்ந்தார். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் கூலியை உயர்த்த வேண்டும் என வாதிட்டுத் தோட்ட முதலாளிகளின் பகையைத் தேடிக்கொண்டார். ஓய்வுக்குப்பின், 1904ஆம் ஆண்டு பம்பாயில் கூடிய இந்தியத் தேசியக் காங்கிரசின் தலைவராக வீற்றிருந்தார். ‘தஞ்சை மண்ணோடு தொடர்புடைய காட்டன்’ என்று மட்டும் கூறினால் இவ்விருவருள் எவரையும் அது குறிக்கும். முன்பெயரோ ஆண்டோ செய்த பணியோ சேர்ந்தால்தான் குழப்பம் தீரும்.

3. பிரௌன்

தெலுங்கு பயிலும் உங்கள் வகுப்புத் தோழர்களுக்குச் சார்லஸ் பிலிப் பிரௌன் (1798 – 1884) நன்கு அறிமுகமானவர். கல்கத்தாவில் பிறந்து, சென்னை மாகாண ஆட்சிப்பணியில் சேர்ந்து, கடப்பையில் பணியாற்றியபோது தெலுங்கில் ஆழ்ந்தார். அழியும் நிலையிலிருந்த ஏட்டுச்சுவடிகளைத் தேடித் திரட்டினார். வேமனரின் பாடல்களைத் தொகுத்து 1829இல் வெளியிட்டார். அவருடைய தெலுங்கு – ஆங்கில அகராதி 1852இல் வெளிவந்தது. தமிழ்ச் சுவடிகளைத் தேடி அலைந்த உ. வே. சாமிநாதையரின் உழைப்பை அறிந்த நமக்கு, இவருடைய உழைப்பின் அருமை எளிதில் விளங்கும்.

அறிவியல் வகுப்பில் ‘பிரௌனியன் இயக்கம்’ என்று படிப்பீர்கள். அது இராபர்ட் பிரௌன் (1773 – 1858) என்னும் தாவரவியல் அறிஞரின் பெயரால் அமைந்தது. நீரில் மிதந்த மகரந்தத்தின் நுண்துகள்கள் ஓயாமல் அங்குமிங்கும் அசைவதை அவர் 1827ஆம் ஆண்டு நுண்ணோக்கியில் கண்டார். இருவரும் ஒரே காலப்பகுதியில் வாழ்ந்தவர்கள். ஒருவர் சொற்களைச் சேர்த்தார், மற்றொருவர் செடிகளை ஆராய்ந்தார்.

4. எழுத்து மறைக்கும் வேறுபாடு

சில பெயர்கள் ஆங்கிலத்தில் சிறு வேறுபாட்டுடன் எழுதப்படும். தமிழில் எழுதும்போது அவ்வேறுபாடு மறைந்துவிடும். ‘எலியட்’ அத்தகைய பெயர். ஆங்கிலத்தில் ‘எல்’ என்னும் எழுத்தைச் சிலர் ஒருமுறையும் சிலர் இருமுறையும் இடுவர். இறுதியில் வரும் ‘டி’ எழுத்தும் அவ்வாறே. தமிழில் அனைவரும் எலியட்டே.

சென்னைப் பெசன்ட் நகரில் உள்ள எலியட்ஸ் கடற்கரை, நகரின் தலைமை நீதித்துறை நடுவராக விளங்கிய எட்வர்டு எலியட்டின் பெயரைக் கொண்டது. அமராவதிப் புத்தத் தூபியின் சிற்பங்களை 1845இல் அகழ்ந்தெடுத்துச் சென்னைக்கு அனுப்பியவர் வால்டர் எலியட். நோபல் பரிசு பெற்ற கவிஞர் டி. எஸ். எலியட் இவ்விருவருக்கும் பிற்பட்டவர். ஜார்ஜ் எலியட் என்னும் நாவலாசிரியருக்கோ அப்பெயர் உரியதே அன்று. மேரி ஆன் எவன்ஸ் என்னும் பெண்மணி தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட புனைபெயர் அது.

ஒலியால் இதற்கு நெருங்கிய மற்றொரு பெயர் எல்லிஸ். சென்னையில் பணியாற்றிய பிரான்சிஸ் வைட் எல்லிஸ் தமிழறிஞர்களால் ‘எல்லீசன்’ என அழைக்கப்பட்டார். தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மொழிகள், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்பதை அவர் 1816ஆம் ஆண்டே சான்றுகளுடன் எடுத்துரைத்தார். காம்பெல் என்பவர் எழுதிய தெலுங்கு இலக்கண நூலின் முன்னுரையோடு அக்கட்டுரை இணைந்து வெளிவந்தது. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856இல். எல்லிஸை எலியட்டுடன் குழப்பிக்கொள்பவர், நாற்பதாண்டு முந்திய ஓர் அறிஞரின் பங்கைத் தாமறியாமலே மறைத்தவர் ஆவார்.

5. குடும்பப்பெயர் பிறந்த வழிகள்

ஆங்கிலேயரின் குடும்பப்பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் தோன்றின. முதலாவது தொழில்: ‘ஸ்மித்’ கொல்லர், ‘டெய்லர்’ தையற்காரர், ‘பாட்டர்’ குயவர். இரண்டாவது இடம்: ‘ராஸ்’ என்பது நீர்ப்பரப்பினுள் நீண்ட நிலமுனையைக் குறித்த சொல், ‘காட்டன்’ என்பது குடிசை எனப் பொருள்படும் பழஞ்சொல்லிலிருந்து வந்த இடப்பெயர், பருத்தியோடு அதற்குத் தொடர்பில்லை. மூன்றாவது தந்தை பெயர்: ‘ஜான்சன்’ என்றால் ஜானின் மகன். நான்காவது தோற்றம்: ‘பிரௌன்’ என்பது பழுப்பு நிறத்தைச் சுட்டி எழுந்த பெயர். கொல்லர் பலர் இருந்தமையால் ஸ்மித்துகளும் பலராயினர். ஆகவே, ஒரே குடும்பப்பெயர் உடையோர் அனைவரும் ஒரே மூதாதையின் வழிவந்தோர் அல்லர்.

இந்நான்கு வழிகளும் நமக்குப் புதியவை அல்ல. சங்கப் புலவர்களின் பெயர்களைக் காண்க. மதுரைக் கொல்லன் வெண்ணாகனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் ஆகிய பெயர்களில் தொழில் உள்ளது. ‘அறுவை’ என்பது துணியைக் குறிக்கும். கோவூர் கிழார், ஒக்கூர் மாசாத்தியார் ஆகிய பெயர்களில் ஊர் உள்ளது. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதில் ஊரும் தந்தையும் உள்ளனர். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்பதில் ஊர், சேரி, உடற்கூறு ஆகிய மூன்றும் உள்ளன. பெயர் ஒன்றானவர்களைப் பிரித்தறிய இத்தகைய அடைமொழிகள் துணைநின்றன. அடைமொழி இல்லாத இடத்தில் குழப்பம் நேர்வதையும் காண்கிறோம். அதியமானைப் பாடிய சங்ககால ஔவையாரும் ஆத்திசூடி இயற்றிய ஔவையாரும் வெவ்வேறு காலத்தவர். பெயர் ஒன்றாதலால் இருவரையும் ஒருவராகவே பலர் எண்ணுகின்றனர்.

ஆங்கிலேயரிடம் அடைமொழி உறைந்து, பரம்பரைச் சொத்தாக மகனுக்கும் பேரனுக்கும் சென்றது. தையலே அறியாதவரும் டெய்லர் எனப்பட்டார். தமிழரிடமோ அது அம்மனிதரோடு நின்றது. நக்கீரனாரின் மகன் கணக்காயனார் மகன் ஆகமாட்டார் அல்லவா?

6. ஓர் எழுத்துக்குள் ஒரு தலைமுறை

இன்றும் தமிழருள் பலர் குடும்பப்பெயர் இல்லாமலே வாழ்கின்றனர். தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன் இடுகின்றனர். அதனைத் தலைப்பெழுத்து என்கிறோம். இம்முறையின் இயல்பை அறிவியல் மேதைகள் இருவரின் வாழ்வு விளக்கும்.

சர் சி. வி. இராமன் 1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றதால், இராமனின் பள்ளிப்பருவம் தெலுங்கு மண்ணில் கழிந்தது. உங்களைப் போலவே அவரும் வெளியூரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. 1930இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். 1983இல் அதே பரிசைப் பெற்ற சு. சந்திரசேகர் இலாகூரில் பிறந்தவர். இவர் இராமனுடைய தமையனார் சுப்பிரமணிய ஐயரின் மகன். ஆகவே, இராமன் சந்திரசேகருக்குச் சிற்றப்பா.

ஜான் ராஸ், ஜேம்ஸ் கிளார்க் ராஸ் ஆகியோரின் உறவை அவர்களுடைய குடும்பப்பெயர் வெளிப்படையாகக் காட்டியது. இராமன், சந்திரசேகர் ஆகிய பெயர்களில் அத்தகைய பொதுச்சொல் இல்லை. எனினும் உறவு மறையவில்லை. இராமனின் பெயருக்கு முன் நிற்கும் ‘சி’ அவர் தந்தையாகிய சந்திரசேகரரைக் குறிக்கும். அச்சந்திரசேகரரின் பெயரே பேரனுக்கும் சூட்டப்பட்டது. ‘பேரன்’ என்னும் சொல் ‘பெயரன்’ என்பதன் திரிபு. பாட்டனாரின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். 1999இல் விண்ணில் ஏவப்பட்ட ‘சந்திரா’ ஊடுகதிர்த் தொலைநோக்கி சு. சந்திரசேகரின் பெயரைப் பெற்றது. அவ்வழியே அவருடைய பாட்டனாரின் பெயரும் விண்வெளியை எட்டியது.

இங்கு ஒரு முன்னெச்சரிக்கை வேண்டும். தலைப்பெழுத்து எல்லாரிடத்தும் தந்தையைக் குறிப்பதில்லை. திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் ‘ச’ தந்தை பெயரன்று. அவர் தந்தையின் பெயர் வீராசாமி. சர்வபள்ளி என்பது நெல்லூர்ப் பகுதியில் உள்ள அவர்தம் முன்னோரின் ஊர். தெலுங்கு மக்கள் இதனை ‘இண்டிபேரு’ என்பர். அது பெயருக்கு முன்னால் நிற்கும். ‘இல்’, ‘பெயர்’ என்னும் நம் சொற்களை அதனுள் நீங்களே கேட்கலாம். எல்லிஸ் சுட்டிய மொழியுறவுக்கு உங்கள் தோழரின் வருகைப்பதிவே சான்று தருகிறது.

7. நம் பெயர்

பள்ளி, வங்கி, கடவுச்சீட்டு ஆகியவற்றின் படிவங்களில் ‘குடும்பப்பெயர்’ என்றொரு கட்டம் உண்டு. தமிழ்க் குடும்பங்கள் அதில் பெரும்பாலும் தந்தையின் பெயரை எழுதுகின்றன. அதன் விளைவாகச் சில அலுவலகங்களில் மகளைத் தந்தையின் பெயரால் அழைப்பர். தந்தையின் குடும்பப்பெயர் வேறாகவும் பிள்ளையின் குடும்பப்பெயர் வேறாகவும் இருப்பது ஏன் என்றும் வினவுவர். ஒரு சான்றிதழில் தலைப்பெழுத்தும் மற்றொன்றில் முழுப்பெயரும் இருந்தால், இருவரும் ஒருவரே என மெய்ப்பிக்க அலைய நேரும். ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிவது ஒரு சிக்கல். ஒரே மனிதர் இரு பெயர்களால் இருவராகத் தோன்றுவது அதன் மறுபக்கம்.

இதற்கு வழி எளிது. உங்கள் பெயரை ஒரே வடிவில், ஒரே எழுத்துக்கூட்டலில் எல்லா ஆவணங்களிலும் எழுதுங்கள். தலைப்பெழுத்தின் விரிவை மனப்பாடமாக அறிந்திருங்கள். எவரேனும் வினவினால் தயங்காமல், ‘இது என் தந்தையின் பெயர், எங்கள் வழக்கில் குடும்பப்பெயர் இல்லை’ என்று விளக்குங்கள். பெயர்முறை வேறாக இருப்பது குறையன்று. வீட்டில் தாத்தா பாட்டியிடம் அவர்களுடைய தந்தையின் பெயரையும் தாயின் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். குடும்பப்பெயர் உடையவர்க்கு முன்னோரின் பெயர் தானே வந்து சேரும். தலைப்பெழுத்து உடையவரோ கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் உண்டு. மூன்று தலைமுறை கேளாதிருந்தால் அப்பெயர் குடும்பத்தை விட்டே நீங்கிவிடும்.

சொல்லும் பொருளும்

நுண்ணோக்கி – கண்ணுக்குத் தெரியாத சிறு பொருள்களைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி
கழிமுகம் – ஆறு கடலோடு கலக்குமிடம்
தமையனார் – அண்ணன்
கணக்காயன் – ஆசிரியன்
அடைமொழி – பெயருக்கு முன் நின்று சிறப்பிக்கும் சொல்
திரிபு – மாறிய வடிவம்

மதிப்பீடு

அ. பொருத்துக.

1. டேனியல் ராஸ் – (அ) கும்பகோணம்
2. ஹென்றி காட்டன் – (ஆ) மகரந்தத் துகள்களின் அசைவு
3. இராபர்ட் பிரௌன் – (இ) அமராவதிச் சிற்பங்கள்
4. வால்டர் எலியட் – (ஈ) அந்தமான் தீவு

ஆ. ஓரிரு தொடரில் விடையளிக்க.

1. ஆகஸ்டு 20ஆம் நாள் சிறப்புப் பெற்றது எவ்வாறு?
2. ‘பேரன்’ என்னும் சொல்லின் பொருள் யாது?
3. சி. வி. இராமனின் ‘சி’ யாரைக் குறிக்கிறது? இராதாகிருஷ்ணனின் ‘ச’ எதைக் குறிக்கிறது?

இ. விரிவான விடையளிக்க.

1. ஆங்கிலக் குடும்பப்பெயர் தோன்றிய நான்கு வழிகளைச் சங்கப் புலவர் பெயர்களுடன் ஒப்பிடுக.
2. ஆர்தர் காட்டனின் பணி காவிரியையும் கோதாவரியையும் இணைத்த வகையை விளக்குக.

கற்பவை கற்றபின்

1. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த போப் ஒருவர். ஆங்கிலக் கவிஞர் போப் மற்றொருவர். இருவரின் முழுப்பெயர், காலம், பணி ஆகியவற்றை நூலகத்தில் தேடி ஓர் அட்டவணை உருவாக்குக.
2. உங்கள் வகுப்பில் தெலுங்கு, உருது, இந்தி ஆகியவற்றைத் தாய்மொழியாகக் கொண்ட தோழர் மூவரின் பெயர் உறுப்புகளைக் கேட்டறிந்து எழுதுக. எவ்வுறுப்பு தந்தையைக் குறிக்கிறது, எவ்வுறுப்பு குடும்பத்தைக் குறிக்கிறது எனப் பிரித்துக் காட்டுக.
3. உங்கள் பெயரைச் சங்கப் புலவரின் பெயர்போல ஊர், தந்தை அல்லது தாய், தொழில் ஆகியவற்றுடன் சேர்த்து எழுதி, வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டுக.